“என்னைப் பத்தி என்னம்மா சொன்ன?”

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% இட ஒதுக்கீடு 2020இல் வந்தது. அந்த முதல் வருடமே எனக்கு எம்பிபிஎஸ் இடம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். முதல் வருடம் முழுக்க இருந்தது ஒரே பயம்தான், ஆங்கிலம். அனாடமி ஹாலில் ஃபார்மலின் நெடியில் கண் எரிந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் வாய் வராமல் நின்றதுதான் எரிந்தது. இரவில் மொட்டை மாடிக்குப் போய்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துப் பழகினேன். டாக்டர் ஆவதென்றால் அந்த மொழிக்குள் போய்ச் சேர்வதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது.

இரண்டாம் வருடம் மெடிசின் வார்டில், ஒரு நோயாளியைப் பற்றி சாரிடம் எடுத்துச் சொல்லும் என் முறை வந்தது. ஐம்பது வயதுக்காரர். கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருந்தது. எத்தனை வருடக் குடி, எத்தனை முறை ரத்த வாந்தி, இனிமேல் நோய் எப்படிப் போகும் என்பது வரை தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். சார் “குட்” என்றார். என் கால் தரையில் நிற்கவில்லை. எல்லோரும் அடுத்த படுக்கைக்கு நகர்ந்தபோது அந்த நோயாளி என்னை மெல்லக் கூப்பிட்டார்.

“என்னைப் பத்தி என்னம்மா சொன்ன?”

“ஒண்ணுமில்லய்யா, சரியாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு ஓடினேன். சரியாகப் போகாது என்று இரண்டு நிமிடம் முன்புதான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். நான் அவரிடம் பொய் சொன்னேன் என்றுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார்.

நோயாளியிடம் பேசுவது எப்படி என்று வகுப்பும் இருந்தது. 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் ‘ஏட்காம்’ என்று ஒரு பகுதி உண்டு. மனப்பான்மை, அறநெறி, தொடர்புத்திறன் பற்றியது. என் தோழி நோயாளியாக நடித்தாள், நான் டாக்டர். நன்றாகத்தான் செய்தோம், லாக்புக்கில் கையெழுத்தும் கிடைத்தது. ஆனால் அவளுக்கு அந்த நோய் கிடையாதே. அவள் எதற்கும் பயப்படவில்லை.

பிறகு ஒரு சீனியர் தன் ஆய்வுக்காக எங்களிடம் ஜெஃபர்சன் பரிவு அளவுகோல் படிவத்தைக் கொடுத்தார். 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அமெரிக்காவில் அதை உருவாக்கிய ஹோஜத் குழுவினர் பிலடெல்பியாவில் மாணவர்களைத் தொடர்ந்து அளந்து 2009இல் வெளியிட்ட முடிவை அவர்தான் சொன்னார். முதல் இரண்டு வருடம் பரிவு பெரிதாக மாறவில்லை. மூன்றாம் வருடத்தில் இறங்குகிறது. அங்கே மாணவர்கள் வார்டுக்குள் நுழைவது அந்த வருடம்தான். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும்போதுதான் குறைகிறதாம். எனக்கு அந்தக் கல்லீரல்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

படிப்பு முடிந்து மருத்துவமனையில் பயிற்சி டாக்டராக வேலை பார்க்கும் சிஆர்ஆர்ஐ வருடம்தான் நிஜமான சோதனை. ரத்தம் எடு, லேபுக்கு ஓடு, ஸ்ட்ரெச்சர் தள்ளு, ரிப்போர்ட் வாங்கி வா. ஸ்டெத் கழுத்தில் தொங்கினாலும் “சிஸ்டர்” என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அதற்கெல்லாம் சுருக்கென்று கோபம் வரும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. ஒரு அம்மா மூன்றாவது தடவையாக வந்து, “ட்ரிப்ஸ் தீரப்போகுதா, வந்து பாருங்க” என்றார். “ஒரு தடவை சொன்னா புரியாதா?” என்று கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பாட்டிலையே வெறித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். “ஏம்மா இவ்வளவு பயப்படுறீங்க?” என்று அப்போதுதான் கேட்டேன். முன்பு வேறொரு இடத்தில் பாட்டில் காலியாகி, அவர் கணவரின் ரத்தம் குழாயில் மேலே ஏறி வந்ததாம். உயிரே போய்விடும் என்று நினைத்திருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லி, குழாயில் இருக்கும் சக்கரத்தை எப்படி உருட்டி மூடுவது என்று காட்டிக் கொடுத்தேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பிறகு அவர் என்னைத் தேடி வரவே இல்லை; நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி “மயக்கமா வருது” என்றார். ‘கிடினஸ்’ (தலைசுற்றல்) என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அசிஸ்டென்ட் புரொஃபசர் மேடம் பாட்டியின் தலைமாட்டில் நின்று குனிந்து கேட்டார்: “கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சா, உலகமே சுத்துச்சா, இல்ல விழுந்ததே தெரியாமப் போச்சா பாட்டி?”

“குழாயடில விழுந்து கிடந்தேனாம். எனக்கு ஒண்ணும் தெரியல.”

நாடித்துடிப்பு நாற்பதைத் தாண்டவில்லை. இசிஜியில் முழு ஹார்ட் பிளாக்; இதயத்தின் மேலறையிலிருந்து மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேரவே இல்லை. பேஸ்மேக்கருக்கு அனுப்பினோம். நோயாளியின் புகாரை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுது என்பது வார்டில் எங்களுக்குச் சொல்லித்தரும் முதல் விதி. நான் அதைத் தாண்டி நேரே ஆங்கிலத்துக்குப் போயிருந்தேன். மயக்கம் என்றால் எங்கள் ஊரில் எத்தனை அர்த்தம் என்று அந்த யூனிட்டிலேயே நன்றாகத் தெரிந்தவள் நான்தான். அந்தத் தமிழ்தான் ஒரு டாக்டராக என் கையிலிருந்த கருவி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கோட் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். மேமூச்சு வாங்குது, நெஞ்சைப் பிடிக்குது, படபடன்னு வருது, கை கால் ஓய்ஞ்சு போகுது. கேட்டதைக் கேட்டபடி எழுதிவிட்டு, அப்புறம்தான் கேஸ் ஷீட்டைத் திறப்பேன்.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் என் படுக்கைகளுக்குத் திரும்பிப் போய், சார் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்வதும் பழக்கமாகிவிட்டது. கெட்ட செய்தியென்றால் நானாகச் சொல்ல மாட்டேன். மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டரைக் கூட்டிக்கொண்டு போவேன். மற்றபடி ஆளுக்கு இரண்டு நிமிடம். தினமும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன், அட்மிஷன் நாளில் சாப்பிடவே நேரமிருக்காது. சொல்லி முடித்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் நோயைப் பற்றியே இருக்காது. சோறு சாப்பிடலாமா, வெளியே எதுவும் வாங்கச் சொல்வீங்களா, நடவுக்குப் போக முடியுமா, பொண்ணு கல்யாணம் வைகாசியில இருக்கே. இவற்றையும் அதே நோட்டில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.