வைக்கோலைக் கழிவு என்று எழுதாதீர்கள்

வைக்கோலிலிருந்து எத்தனால், அதாவது பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம், என்று பேச்செடுத்தாலே, கொள்கை ஆவணங்கள் அதைக் 'கழிவு' என்று கணக்கில் வைக்கின்றன. பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்கு உரம். ஒரு டன் நெல் வைக்கோலை அள்ளிப்போனால் சுமார் 15 கிலோ பொட்டாசியமும் வயலை விட்டுப் போகிறது. அதை யார் ஈடுகட்டுவது?

உலர்ந்த ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ஆண்டுக்கு 3 கோடி லிட்டர் எடுக்கும் ஆலைக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் வேண்டும். அறுவடைக் காலமோ சில வாரங்கள்தான். அதற்குள் வாரி, கட்டி, அடுக்கியாக வேண்டும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய கட்டு உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். நடுவே கையை நுழைத்தாலே வெப்பம் தெரியும். சில சமயம் தானாகவே தீப்பற்றும். மண்ணோடு வாரிய கட்டு, நறுக்கும் கத்திகளைத் தேய்த்துவிடும்.

கட்டும் இயந்திரம் வரத் தாமதமானால், அடுத்த விதைப்புக்காக உழவர் தீ வைப்பார். அவருக்கு மட்டும் அபராதம் விதிப்பது நியாயமே இல்லை. மொத்த எடைக்கு விலை வைத்தால் ஈர வைக்கோல்தான் வந்து சேரும். உலர் எடைக்கு வைக்க வேண்டும். குத்தகை நிலத்தில் பணம் யார் கைக்குப் போகும் என்பதையும் அறுவடைக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.