புலி முகத்தை விட்டுக் கொஞ்சம் பின்னால் வாருங்கள்

கபினிக்கோ தடோபாவுக்கோ சஃபாரி போய்விட்டு வந்த நண்பர்கள் புலிப் படம் அனுப்பினால் நானும் எல்லோரையும் போல ஒரு ஹார்ட்டைத் தட்டிவிடுவேன். படம் நன்றாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. 600 எம்எம் லென்ஸ், கண்ணில் நச்சென்று ஃபோகஸ், மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், பின்னணி முழுக்கப் பச்சையாகக் கரைந்து போயிருக்கும். ஆனால் போன மாதம் இன்னொருவர் அனுப்பிய புலியோடு இதைக் கலந்து வைத்தால் எது யாருடைய புலி என்று என்னால் சொல்ல முடியாது. எடுத்தவர்களாலேயே முடியுமா என்பது சந்தேகம்தான். புலிக்கு ஆதார் கார்டு எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

லென்ஸ் விலை, மெகாபிக்சல் பேச்செல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பல வருடம் கழித்தும் மனதில் நிற்கிற வனவிலங்குப் படங்களை வரிசையாக யோசித்துப் பார்த்தால் எனக்கு அநேகமாக எல்லாவற்றிலும் இரண்டு விஷயம் தென்படுகிறது. விலங்கு ஏதோ ஒரு வேலையில் இருக்கிறது, அந்த வேலை எந்த இடத்தில் நடக்கிறது என்பதும் தெரிகிறது. முகம் பெரிதாக வந்தால் இந்த இரண்டும்தான் முதலில் ஃப்ரேமுக்கு வெளியே போகும்.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. மா. கிருஷ்ணனின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இல் ஆரம்பித்த இயற்கைப் பத்தியை 1996-இல் இறக்கும் வரை விடாமல் எழுதியவர். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமரா ஒன்றுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார் (மனுஷனுக்குக் குறும்பு அதிகம்). கும்கி மேல் ஏறியும் நடந்தும் காட்டுக்குள் போய் அவர் எடுத்த யானைப் படங்களில் யானை மட்டும் இருக்காது. கூட்டம் இருக்கும், கூட்டத்துக்குள் யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது இருக்கும், சுற்றிலும் காடு இருக்கும். இன்றைய கணக்கில் பார்த்தால் கூர்மை போதாது, கலர் இல்லை, இன்ஸ்டாகிராமில் போட்டால் ஐம்பது லைக் தேறாது. ஆனால் தென்னிந்தியக் காட்டு யானை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய யானைகள்தான்.

அவருக்கும் முன்னால், 1920-களில், எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வனத்துறை அதிகாரி ஐக்கிய மாகாணத்தில் (இன்றைய உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட்) இருந்தார். புலி என்றால் சுட்டுப் போட்டு அதன் மேல் காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்ட காலம் அது. இவர் புலி வழக்கமாக நடக்கிற தடத்தில் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, கம்பி தட்டுப்பட்டதும் ஃப்ளாஷ் வெடித்து கேமரா வேலை செய்யும்படி வைத்துவிட்டு வந்துவிடுவார். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்! அந்தப் படங்களில் புலி யாருக்காகவும் நிற்கவில்லை, ராத்திரியில் தன் பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. ஜிம் கார்பெட் துப்பாக்கியிலிருந்து கேமரா பக்கம் திரும்பியதற்கு இவரும் ஒரு காரணம் என்று கார்பெட்டே எழுதியிருக்கிறார். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது, வரியை வைத்தே எந்தப் புலி என்று சொல்லிவிடலாம் என்பதைத் தன் படங்களை வைத்துக் காட்டியவரும் சாம்பியன்தான். எழுபது வருடம் கழித்து கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் தானியங்கி கேமராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கெடுத்ததும் இதே வரிகளைப் பார்த்துத்தான்.

அந்தக் கம்பி கட்டும் வித்தைதான் இன்றைக்கு சென்சார் வைத்த தானியங்கி கேமராவாக வளர்ந்திருக்கிறது. செர்கேய் கோர்ஷ்கோவின் புலிப் படம், 2020-இல் லண்டனின் 'ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஒளிப்படக்காரர்' பட்டம் வாங்கிக் கொடுத்தது, நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ரஷ்யாவின் தூரக் கிழக்குக் காட்டில் ஒரு பெண்புலி பின்னங்கால்களில் எழுந்து பழைய ஊசியிலை மரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கன்னத்தைத் தேய்க்கிறது. பதினோரு மாதத்துக்கும் மேலே காத்திருந்து கிடைத்த படம். எல்லோரும் காத்திருந்ததைப் பற்றியே பேசினார்கள். எனக்கு என்னவோ காத்திருந்ததை விட, கேமராவை எந்த மரத்துக்கு எதிரே வைத்தார் என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. புலிகள் வாசனை வைத்துவிட்டுப் போகிற மரம் எது என்று தேடி, அடிமரத்தில் ஒட்டியிருக்கும் முடியையும் நகக் கீறலையும் பார்த்து, இங்கே ஒரு புலி வரும், வந்து இதைச் செய்யும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால்தான் அந்த இடத்தில் கேமரா வைக்க முடியும். படத்தில் அந்தப் புலி நம்மைப் பார்க்கவே இல்லை, அதன் வேலையெல்லாம் மரத்தோடு. மரத்தைக் கழித்துவிட்டால் அங்கே படமே இல்லை.

இடம் என்றால் காடாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஸ்டீவ் விண்டர் எடுத்த பி-22 என்கிற பூமாவை (அமெரிக்கக் காடுகளில் வாழும் பெரிய பூனை இனம்) எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளைக் கடந்து கிரிஃபித் பூங்காவுக்கு வந்து தனியாகக் குடியிருந்த ஆண் பூமா அது. பதினைந்து மாதம் தானியங்கி கேமராவை வைத்து, பின்னால் ஹாலிவுட் என்ற எழுத்துகள் ஒளிர, முன்னால் அது நடந்து போகிற ஒரு படத்தை எடுத்தார். 2013 டிசம்பர் 'நேஷனல் ஜியாகிரஃபிக்'கில் வந்தது. பூமா படங்கள் ஆயிரம் இருக்கின்றன, இந்த ஒன்றைத்தான் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பூமாவாக எடுத்துக்கொண்டார்கள். 2022-இல் நெடுஞ்சாலைக்கு மேலே விலங்குகள் கடக்க ஒரு பெரிய பாலம் கட்ட ஆரம்பித்தபோது பி-22 தான் அதற்கு முகம். அதே டிசம்பரில் நோயும் காயமுமாக இருந்த அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது வேறு கதை.

நம் ஊர்ப் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. மும்பை ஆரே காலனியில் நயன் கானோல்கர் எடுத்த சிறுத்தை, 2016-இல் அதே லண்டன் போட்டியில் நகரப் பிரிவில் பரிசு வாங்கியது. வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து, ராத்திரி விளக்கு வெளிச்சம், அதில் ஒரு சிறுத்தை ஏதோ வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரர் மாதிரி சாவகாசமாக வருகிறது. காட்டில் மரக்கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையை விட இது எனக்குப் பத்து மடங்கு பயமாகவும் இருக்கிறது, ஒரு வகையில் நிம்மதியாகவும் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் என்று கேட்காதீர்கள்.

சரி, விலங்கு வேலையில் இருக்க வேண்டும் என்று சொன்னதும் சிலருக்கு அந்த வேலையை நாமே ஏற்பாடு பண்ணிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஆந்தை பறந்து வந்து பாய்கிற படம் வேண்டுமென்று எலியை வைப்பது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பது, இதெல்லாம் சர்வசாதாரணமாக நடக்கிறது. 2009-இல் மேலே சொன்ன போட்டியில் முதல் பரிசு வாங்கியது ஒரு ஓநாய்ப் படம்: ராத்திரியில் பண்ணை வேலியின் மரக்கதவை ஓநாய் தாவிக் கடக்கிறது. அருமையான படம். ஓநாய் வேலை செய்கிறது, இடம் தெரிகிறது, நான் சொன்ன எல்லாமே இருக்கிறது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று சந்தேகம் கிளம்பி, நடுவர்கள் விசாரித்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். எடுத்தவர் மறுத்தார். எனக்கு அதில் பிடித்தது ஓநாய் தெரிந்தவர்கள் கேட்ட கேள்விதான்: கம்புகளுக்கு நடுவே இவ்வளவு இடைவெளி இருக்கும்போது காட்டு ஓநாய் எதற்காகத் தாவ வேண்டும், நுழைந்து போயிருக்குமே? விலங்கின் வழக்கம் தெரிந்த கண்ணுக்கு அந்தத் தாவலே உறுத்தியிருக்கிறது. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு ஓநாய் தெரிவதில்லை, ஓரத்தில் நின்று யாரோ 'தாண்டு' என்று சொல்வதுதான் கேட்கிறது.

எனக்கு வாய்த்த பாக்கியம், நான் கோயம்புத்தூர்க்காரன், வால்பாறை மூன்று மணி நேரம். அங்கே இதையெல்லாம் காசு செலவில்லாமல் பார்க்கலாம். புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் சாலைக்கே வரும். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் பிடரி, சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் எடுக்கிற படங்களில் அநேகமாக இரண்டு சிக்கல். ஒன்று, வெளிச்சத்தை அளக்கிற கேமராவின் மீட்டர். கறுப்பு உடம்பு ஃப்ரேமை அடைத்தால், ஐயோ இருட்டாக இருக்கிறதே என்று மீட்டர் தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும், கறுப்பு சாம்பலாகிப் பிடரி வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கீழே இறக்கி வைத்தால் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், பிடரியில் முடி முடியாகத் தெரியும். காட்டெருமைக்கும் இதே கதை. வெள்ளைக் கொக்குக்குத் தலைகீழ்: மீட்டர் அதை அழுக்காக்கும், நீங்கள் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. எல்லோரும் முகத்தையே எடுக்கிறார்கள். அந்தக் குரங்கு வெடிப்பலா என்கிற காட்டு மரத்துப் பழத்தின் முள்ளுத் தோலைப் பிய்த்துத் தின்பதை, ஓட்டு வீட்டுக் கூரையில் உட்கார்ந்து குப்பைத் தொட்டியை நோட்டம் விடுவதை, சாலைக்கு மேலே கட்டியிருக்கும் கயிற்றுப் பாலத்தில் குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு கீழே போகிற பஸ்ஸைப் பார்த்தபடி கடப்பதை யாரும் எடுப்பதில்லை. சோலைக்காட்டு மர உச்சியை விட்டு இறங்காத பிராணி என்று பெயர் வாங்கிய ஒன்று இப்படித் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு பிழைப்பு நடத்துகிறது என்பது அந்தக் கூரைப் படத்தில்தான் இருக்கிறது. வெடிப்பலா தின்கிற படமும் கூரைப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு எதையும் எழுதிப் புரியவைக்க வேண்டாம்.

இருவாச்சியும் அப்படியே. அத்திப்பழத்தை அந்தப் பெரிய அலகின் நுனியில் பிடிக்கும், நாக்கு குட்டை என்பதால் அங்கிருந்து தொண்டைக்கு நகர்த்த முடியாது, அதனால் தலையைப் பின்னால் சாய்த்து மேலே ஒரு போடு போட்டு வாய்க்குள் வாங்கும். பழம் காற்றில் நிற்கிற அந்த ஒரு கணம் கிடைத்தால் போதும். பழுத்த அத்தி மரத்துக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்திருந்தால் இந்தப் படம் எப்படியும் கிடைக்கும், ஷட்டர் வேகம் 1/2000 நொடியை விட மெதுவாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும், ஆண் கொண்டு வந்து கொடுப்பதுதான் சாப்பாடு. நீங்கள் கீழே நின்றால் அது வராது, அவ்வளவுதான் விஷயம்.

எல்லாப் படமும் அழகாகவும் இருக்க வேண்டியதில்லை. மேற்கு வங்கம் பிஷ்ணுப்பூரில் பிப்லப் ஹாஸ்ரா எடுத்த படம், 2017-இல் 'சாங்சுவரி' என்கிற வனவிலங்குப் பத்திரிகையின் பரிசு பெற்றது, தாய் யானையும் குட்டியும் சாலையைக் கடந்து ஓடுகின்றன, விரட்டுகிறவர்கள் எறிந்த தீ குட்டியின் மேல் எரிந்துகொண்டிருக்கிறது, பின்னால் ஆட்கள். யானையை மட்டும் நெருக்கி வெட்டி எடுத்திருந்தால் அது ஒரு பாவப்பட்ட யானைப் படம். பின்னால் அந்த ஆட்கள் இருப்பதால் அது நம்மைப் பற்றிய படம். ஒருமுறை பார்த்தேன், போதும், மறுபடி தேடிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெயர் வேண்டாம், ஒரு சரணாலயத்தில் ஒரே புலிக்கு இரு பக்கமும் ஜீப்புகள் நிற்க, உள்ளே இருந்த எல்லோரும் 'தலை, தலை, தலையைத் திருப்பு' என்று முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அன்றைக்கு எடுக்க வேண்டிய படம் அந்த ஜீப்புகளோடு சேர்ந்த புலிதான். ஒருவரும் எடுக்கவில்லை. ஜீப் தெரிந்தால் படம் கெட்டுவிடுமாம்.

அடுத்த முறை ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுகிறவர்கள் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டுங்கள். வரையாடு இருந்தால் அது உங்களைக் கண்டுகொள்ளாது, அதற்காகச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள், தோளில் கை போட்டு செல்ஃபியும் வேண்டாம். பெரிய லென்ஸைப் பையிலேயே விட்டுவிட்டு 24-70 மாதிரி சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன லென்ஸ் ஏதாவது எடுங்கள், போன் இருந்தாலும் சரி. பத்தடி பின்னால் தள்ளி நின்று, பாறை விளிம்பில் ஆடு, அதற்குக் கீழே வளைந்து வளைந்து நாம் ஏறி வந்த ரோடு, அதற்கும் கீழே ஆழியாறு அணை, மூன்றும் ஒரே ஃப்ரேமில் வருகிற இடத்தைத் தேடுங்கள். காலை எட்டு மணிக்குள் போனால் நல்லது, அப்புறம் கீழே புகைமூட்டம் ஏறிவிடும், அணை தெரியாது.