எரிந்த வீட்டைப் பார்க்க 125 டாலர்

கோபம் இன்னும் அடங்கவில்லை. கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவிலிருந்து, அமெரிக்க நாவலாசிரியர் ஜாக் லண்டனின் பண்ணை இருக்கும் க்ளென் எல்லன் போக டாக்சிக்கு 40 டாலர் வாங்கினார்கள். திரும்பி வர, அதே 25 கிலோமீட்டருக்கு 85! "இங்கே வேற வண்டி கிடைக்காது" என்று டிரைவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. போகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆனாலும் ஜாக் லண்டன் பண்ணையைப் பார்க்காமல் கலிபோர்னியாவை விட்டுக் கிளம்பியிருந்தால் மனசு ஆறியிருக்காது. பள்ளி நாளில் பெரியசாமித் தூரன் தமிழில் மொழிபெயர்த்த அவருடைய 'கானகத்தின் குரல்' படித்ததிலிருந்து வந்த ஆசை இது. 1903-இல் ஆங்கிலத்தில் வந்த அந்த நாவலின் புத்தக உரிமையை லண்டன் வெறும் 2000 டாலருக்கு விற்றுவிட்டார். அது எத்தனை லட்சம் விற்று என்ன, ராயல்டி கிடையாது. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிறு வயதில் ஓக்லண்டில் டப்பா உணவுத் தொழிற்சாலையில் மாடாய் உழைத்த பையன். எழுத்தாளரான பிறகு தினம் ஆயிரம் வார்த்தை என்று கணக்கு வைத்து எழுதினார். அந்தக் காசெல்லாம் இந்த மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. 1905-இல் 130 ஏக்கரில் தொடங்கியது, 1400 ஏக்கராக வளர்ந்தது. பன்றிகளுக்குக்கூட வட்டமாகக் கல் கட்டடம்!

மனைவி சார்மியன் பிற்காலத்தில் கட்டிய வீடுதான் இப்போது அருங்காட்சியகம். அங்கிருந்து ரெட்வுட் மரக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நடந்தால், லண்டன் தனக்காகக் கட்டிய ஓநாய் வீடு. கூரை இல்லை, தரை இல்லை. எரிமலைக் கல் சுவர்களும் புகைபோக்கிகளும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 26 அறைகள். குடிபோகச் சில நாள் இருக்கும்போது, 1913 ஆகஸ்ட் 22 இரவு எரிந்துபோனது. ஒரு ராத்திரிகூட அவர் அதில் படுக்கவில்லை. யாரோ கொளுத்திவிட்டார்கள் என்று வெகுகாலம் பேச்சு. 1995-இல் நிபுணர்கள் வந்து ஆராய்ந்து, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகள் வெயில் காலச் சூட்டில் தானே பற்றியிருக்க வேண்டும் என்றார்கள். எண்ணெய்த் துணி! அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றே வருடத்தில், 1916-இல், நாற்பது வயதில் அவரும் போய்விட்டார்.

அவருடைய சாம்பலைப் புதைத்த மேட்டில் அந்த வீட்டுக்கு உதவாமல் கிடந்த ஒரு செந்நிறப் பாறையை உருட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வேலிக்குள் இரண்டு குழந்தைகளின் பழைய கல்லறைகள். தன்னையும் இங்கேயே வைக்கும்படி அவர்தான் சொல்லியிருந்தாராம்.