240 வந்தால்தான் காபி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்குக் காலை ஐந்தரை. தெரு விழித்துப் பால் வாங்கும் நேரத்தில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என்பிஏ லீக் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பார்ப்பது என்பதைவிடச் சரிபார்ப்பது என்று சொல்ல வேண்டும். அரங்கில் ஆடுகளத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பவர்கள் பதிகிற எண்கள் ஒரு திரையில், ஆட்டத்தின் வீடியோ இன்னொன்றில். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஒவ்வோர் ஆட்டக்காரரின் எண்களும் இருக்கும் தாளை, முடித்து அனுப்ப வேண்டும். மேற்குக் கரை ஆட்டங்களும் முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது கூட்டல்தான். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் எப்போதும் ஐந்து பேர். ஆக, ஓர் அணியில் எல்லோரும் ஆடிய நிமிடங்களைக் கூட்டினால் 240 வர வேண்டும். கூடுதல் நேரத்துக்குப் போனால் ஒவ்வொரு முறையும் 25 சேரும். குறைந்தால் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் உள்ளே வந்தது எங்கோ பதிவாகாமல் போயிருக்கிறது. 240 வந்தால்தான் காபிக்கு எழுந்திருப்போம்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. விழுந்த கூடைகளை இரண்டால் பெருக்கி, அவற்றில் த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறிந்து விழும் மூன்று புள்ளிக் கூடை) ஒவ்வொன்றுக்கும் ஒன்று சேர்த்து, ஃப்ரீ த்ரோவையும் (எதிரணி ஃபவுல் செய்ததற்காகக் கிடைக்கும் ஒரு புள்ளி எறி) கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். இதைச் சொல்லித்தர நான் எடுத்துக்கொள்வது 2016 ஜூன் 19 அன்று நடந்த இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம். கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89.

கிளீவ்லாந்து 33 கூடை, அதில் 6 த்ரீ, ஃப்ரீ த்ரோ 21. கோல்டன் ஸ்டேட் 32 கூடை, அதில் 15 த்ரீ, ஃப்ரீ த்ரோ 10. கூட்டிப் பார்த்தால் இரண்டுமே சரியாக வரும். கூட்டல் சரி என்று விட்டுவிடாமல் ஓர் அணியின் எண்ணிலிருந்து இன்னொன்றின் எண்ணைக் கழித்தும் பார்க்கச் சொல்வேன். கூடை எண்ணிக்கையில் கிளீவ்லாந்து ஒன்று கூடுதல், அது 2 புள்ளி. த்ரீயில் 9 புள்ளி பின்னால். ஃப்ரீ த்ரோவில் 11 முன்னால். அந்த நாலு புள்ளி வெற்றி இப்படித்தான் வந்தது. கடைசி இரண்டு நிமிடத்தில் கோல்டன் ஸ்டேட்டின் இகுடாலா கூடைக்கு அருகே போய்ப் போட்ட லே-அப்பை கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் ஓடிவந்து தட்டியதும், அதே அணியின் கைரி இர்விங் போட்ட த்ரீயும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கும். தாளைக் கேட்டால் அது ஃப்ரீ த்ரோ கோட்டைக் காட்டும். இரண்டில் எது உண்மை என்று புதியவர்கள் கேட்பார்கள். இரண்டும்தான், ஆனால் இரண்டாவதை யாரும் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பதில்லை.

அதே தாளில் கிளீவ்லாந்தின் கெவின் லவ் வரிக்கு வருவோம். 9 புள்ளி. லெப்ரானின் 27 புள்ளி, 11 ரீபவுண்டு (தவறிய எறியைப் பிடிப்பது), 11 அசிஸ்டுக்குப் (கூடையாக முடிந்த பாஸ்) பக்கத்தில் இது கண்ணிலேயே படாது. எதிரணியில் டிரேமண்ட் கிரீன் மட்டுமே 32. ஆனால் லவ் 14 ரீபவுண்டு எடுத்திருக்கிறார், பிளஸ்-மைனஸ் கட்டத்தில் +19. அதாவது அவர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி 19 புள்ளி முன்னால். மொத்த வெற்றியே 4 புள்ளிதான் என்றால், அவர் பெஞ்சில் இருந்த நேரத்தில் அணி 15 புள்ளி பின்னால் போயிருக்கிறது. ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து ஒருவரை எடைபோடக்கூடாது. கூட ஆடிய நான்கு பேரின் உழைப்பும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. இருந்தாலும் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வைக்கிற எண் அது.

ஓட்டிப் பார்த்தால் கடைசி நிமிடத்தில், இர்விங்கின் த்ரீக்குப் பிறகு, கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீஃபன் கறிக்கு எதிரே லவ் மாட்டிக்கொள்கிறார். லவ் உயரமான, கொஞ்சம் மெதுவான ஆட்டக்காரர். கறி இடதும் வலதுமாக ஆட்டிப் பார்க்கிறார், பின்வாங்குகிறார், மறுபடி வருகிறார். லவ் விலகவே இல்லை. கடைசியில் லவ்வின் கை முகத்துக்கு நேரே இருக்கும்போதே கறி எறிகிறார், விழவில்லை. பாக்ஸ் ஸ்கோரில் இது என்னவாகப் பதிவாகும்? கறி பெயரில் ஒரு தவறிய த்ரீ. அன்று அவர் எறிந்த 14 த்ரீயில் 4தான் விழுந்தது, இது தவறிய பத்தில் ஒன்று. மறித்து நின்றவருக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

சில கட்டங்கள் வேறு விதமாகச் சிக்கல். புள்ளியில் வாதம் இல்லை. அசிஸ்டில் உண்டு. பந்தை வாங்கியவர் உடனே கூடையை நோக்கிப் போனாரா, இல்லை நின்று யோசித்துவிட்டுப் போனாரா என்பதை ஒருவர் அந்தக் கணத்தில் தீர்மானிக்க வேண்டும். "அண்ணா, ரெண்டு தடவை தட்டிட்டுத்தானே போட்டான், இதை எப்படி அசிஸ்ட்னு குடுத்தாங்க?" என்று பக்கத்து இருக்கையில் இருந்து கேள்வி வரும். நானும் ஓட்டிப் பார்த்துவிட்டு, குடுத்திருக்கலாம், குடுக்காமலும் இருந்திருக்கலாம் என்பேன். கேட்டவருக்கு எரிச்சல்தான் வரும்.

தாளை அனுப்பிய பிறகும் எண்கள் மாறும். 2023 மார்ச் 5 அன்று வாஷிங்டனுக்கு எதிராக மில்வாக்கியின் யானிஸ் ஆன்டெட்டோகவும்போ 23 புள்ளி, 13 அசிஸ்ட், 9 ரீபவுண்டில் இருந்தார். இன்னொரு ரீபவுண்டு வந்தால் ட்ரிபிள் டபுள், அதாவது மூன்று கணக்கிலும் பத்தோ அதற்கு மேலோ. ஆட்டம் முடியும் நேரத்தில் வேண்டுமென்றே பந்தை வளையத்தில் பட எறிந்து, தானே பிடித்துக்கொண்டார். அன்று அது பத்தாவதாகப் பதிவானது. அடுத்த நாள், அது உண்மையான ஷாட் முயற்சியே இல்லை என்று லீக் அந்த ரீபவுண்டை நீக்கிவிட்டது. எண்களைத் திருத்துகிறவன் என்ற முறையில் அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது, ஒரு எண்ணுக்காகத் தாளெல்லாம் திருத்த வேண்டியிருக்கும் என்றாலும். அப்புறம், யானிஸ் மேல் எனக்குக் கோபமும் இல்லை. அந்தக் கட்டத்தை முக்கியமாக்கியது நாங்கள்தானே.

பழைய ஆட்டங்களை ஏற்றும்போது இன்னொரு வம்பு வரும். வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் 100 புள்ளி எடுத்தார்: 36 கூடை, 28 ஃப்ரீ த்ரோ. கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். த்ரீ பாயிண்டர் அப்போது இல்லை, என்பிஏவில் அது 1979-80 பருவத்தில்தான் வந்தது. பிளாக்கையும் (எறியைத் தட்டிவிடுவது) ஸ்டீலையும் (பந்தைப் பறிப்பது) எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில். வில்ட் ஆடிய காலம் முழுக்க எதிரிகளின் எறிகளைத் தட்டிக்கொண்டிருந்தவர், அவை எந்தக் கணக்கிலும் இல்லை. மென்பொருளில் ஏற்றும்போது அவருடைய வெற்றுக் கட்டங்கள் சில நேரம் 0 என்று மாறிவிடும். அப்படி வந்த கோப்பைத் திருப்பி அனுப்புவேன். "ஒண்ணும் இல்லைன்னா சைபர்தானே" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். சைபர் என்றால் ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒன்றுகூட இல்லை என்று எழுதியதாக அர்த்தம். வில்ட்டுக்கு அப்படி யாரும் எண்ணவில்லை, அதனால் கோடு போட்டு அனுப்புங்கள் என்று மறுபடி எழுதுவேன்.