உருக்க முடியாத பொருள்

கோவையில் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. தங்கம் தப்பைப் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் அங்கே நான் கற்ற முதல் பாடம். தகடு கோணினாலும், பற்றவைக்கும் பொடி உருகி ஓடாமல் இணைப்பு விட்டுப்போனாலும் திட்டு வாங்கிக்கொண்டு மூசையில் போட்டு உருக்கினால் போதும். காலையில் செய்த தப்பு மதியம் கட்டியாகக் கைக்குத் திரும்பிவிடும். கொஞ்சம் சேதாரம், அவ்வளவுதான்.

பத்து வருடமாக வேறு வேலை செய்கிறேன். உடைந்த பீங்கான், கொட்டாங்குச்சி, கடல் அலையில் தேய்ந்த கண்ணாடித் துண்டு, ஓடாத கடிகாரத்தின் பல்சக்கரம் என்று கிடைப்பதையெல்லாம் வெள்ளியில் கட்டி நகையாக்குகிறேன். "இதையெல்லாம் எவன்டா அடகு பிடிப்பான்?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இதைப் புதுமை என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சங்கப் பாடல்களிலேயே பிள்ளைகள் கழுத்தில் புலிப்பல் தாலி இருக்கிறது. (ஒருவர் நிஜமாகவே ஒரு பல்லைக் கொண்டுவந்து நீட்டினார். 1972 வனவிலங்குச் சட்டத்தை நினைவுபடுத்தி, கையால்கூடத் தொடாமல் அனுப்பிவைத்தேன்.)

கஷ்டம் எல்லாம் செய்முறையில்தான். இந்தப் பொருள்களுக்கு நெருப்பு ஆகாது. கண்ணாடி விரிசல் விடும், கொட்டாங்குச்சி கருகும். அதனால் வெள்ளிக் கூட்டைப் பற்றவைத்து, அழுக்கெடுத்து, மெருகு போட்டு முடித்த பிறகுதான் உள்ளே வைக்கும் பொருளைத் தொட வேண்டும். அதற்குமேல் ஊதுகுழலுக்கு வேலை இல்லை. பீங்கானில் துளை போடுவதென்றால் துண்டை மரக்கட்டையில் அரக்கு வைத்து ஒட்டி, தண்ணீருக்குள் மூழ்க வைத்து, வைரமுனை ஊசியை மெதுவாக ஓட்ட வேண்டும். தண்ணீர் சூட்டைத் தணிக்கும், நுரையீரலுக்குப் போகும் தூசியையும் பிடித்துக்கொள்ளும். ஊசி மறுபக்கம் வெளியேறும் அந்தக் கடைசி நொடியில் அவசரப்பட்டால் ஒரு சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்தது பெயர்ந்ததுதான்.

கிடைத்ததெல்லாம் உடம்பில் போடத் தகுந்ததும் அல்ல. தாத்தா காலத்தில் பொன் நிறுத்தது குன்றிமணியால். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாருக்குக் கண் வைப்பதும் அதே மணிதான். அதைக் கோத்து மாலையாக்கித் தரச் சொல்லி அடிக்கடி கேட்பார்கள். முழு மணி சும்மா கிடக்கும். மேலோட்டைத் துளைத்தால் உள்ளே இருக்கும் அப்ரின் என்ற கொடிய விஷம் வெளியே வந்துவிடும். மஞ்சாடி விதை போதும் என்று சொல்லிவிடுவேன். அதுவும் சிவப்புதானே! பழைய கடிகாரம் வந்தாலும் முதலில் முகப்பைத்தான் பார்ப்பேன். 1960கள் வரை பல கடிகாரங்களில் இருட்டில் ஒளிரும் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ஒளி எப்போதோ அணைந்திருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டு ஆகும். அப்படிப்பட்ட முகப்பைச் சுரண்டுவதில்லை, வாங்குவதும் இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு டீக்கோப்பையைப் பற்றி.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அவருடைய அம்மா குடித்த கோப்பை, வீடு மாற்றும்போது உடைந்துவிட்டதாம். ஒரு துண்டில் மட்டும் நீலப்பூ ஒன்று முழுசாக இருந்தது. "இதை டாலராக்கிக் கொடுங்க தம்பி. சங்கிலி என்கிட்ட இருக்கு" என்றார்.

பழைய பாத்திரக்கடையில் பத்து சாசர் வாங்கி, உடைத்துப் பழகினேன். பத்தாவதில் கை நின்றது. அப்புறம்தான் அவருடைய துண்டை எடுத்தேன். ஓரத்தை ராவி, கூட்டில் உட்காரவைத்து, வெள்ளி விளிம்பைச் சுற்றிலும் துண்டின்மேல் அமுக்கிக்கொண்டே வந்தேன். இன்னும் ஒரு விரல்நுனி அகலம்தான் பாக்கி. டிக் என்று ஒரு சத்தம். பூவின் நடுவே கோடு ஓடிவிட்டது.

காரணம் உடனே புரிந்தது. கோப்பைத் துண்டு வளைவானது, கூட்டின் அடித்தகடு தட்டை. நடுவில் வெற்றிடம். அரக்கு நிரப்பித் தாங்கல் கொடுத்திருக்க வேண்டும். நான் உடைத்துப் பழகிய சாசர் துண்டுகள் எல்லாம் கிட்டத்தட்டத் தட்டை. தப்பான பொருளில் பத்து முறை சரியாகப் பழகியிருக்கிறேன்.

கை தானாக மூசை இருந்த பக்கம் பார்த்தது. இருபது வருடப் பழக்கம்.

போனில் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை. மறுநாள் வந்து இரண்டு பாதிகளையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு துண்டோடு வந்தார். அதில் பூ இல்லை. கோப்பையின் வாய் விளிம்பு அது. பொன் கோடு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளையாகியிருந்தது.

"அம்மா வாய் வெச்ச இடம்" என்றார். "இது முதல்லயே எனக்குத் தோணலை."

இந்த முறை அரக்கு நிரப்பினேன். ஒரு முழுநாள் ஆயிற்று. பட்டறையில் இருந்த பழைய பில் புத்தகத்தையே எடுத்து எழுதினேன். வெள்ளி எடை, கூலி. நடுவில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"சேதாரம் போடலையா தம்பி?"