கட்டிடுச்சி

எங்கள் இங்கிலீஷ் சார் காலமாகிவிட்டார் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வாட்ஸ்அப் வந்தபோது இங்கே பெர்த்தில் இரவு பதினொன்று. பெயர் சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகையின் இடது மூலையில் தினம் பத்து இங்கிலீஷ் சொல், ரோத்தான் பிரம்பு என்றாலே கூடப் படித்த உங்களுக்குத் தெரியும்.

அவர் எழுதிப் போட்ட ‘அப்சீக்வியஸ்’, அதாவது கூழைக்கும்பிடு போடுகிற, எனக்கு அகராதியில் புரியவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்துத் தலைமை எழுத்தர், பெரிய கிராணி, முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற கங்காணி மண்டோரைப் பார்த்துத்தான் புரிந்தது.

1974, நான்காம் படிவம். அன்றைய ஏழாவது சொல் ‘கோஆகுலேட்’. எல்லாரும் விழிக்க, தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த நான் கையைத் தூக்கினேன். இங்கிலீஷ் வாயில் வரவில்லை. “பால் உறையிறது சார், ஆசிட் ஊத்துனா” என்று தமிழிலேயே கொட்டிவிட்டேன். சார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “ஒட்டுப்பால் நாத்தத்தை லயத்திலேயே விட்டுட்டு வா” என்றார். வகுப்பே சிரித்தது. அப்படிச் சிரித்தவர்களில் ரெண்டு மூணு பேர் இதைப் படிப்பீர்கள். சரி, விடுங்கள்.

பள்ளி விட்டு நேராகத் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் போனேன். மதியம் ரப்பர் பாலில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றிய தொட்டியின் மேல் அப்பா நடுவிரலை வைத்து அழுத்தினார். விரல் நனையாமல் திரும்பியது. “கட்டிடுச்சி” என்றார். புதுச் சொல்லை அவரிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சொல்தான் பிறகு எனக்குச் சோறு போட்டது. முப்பது வருடம் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், உறைதல் பிரிவில் வேலை. நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் இருக்கும். ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா விடுவார்களே, அது மாதிரி. மீறிக் கட்டிவிட்டால் சோதிக்க முடியாது, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

வேர்ச்சொல் பார்க்கும் பழக்கம் சார் கொடுத்தது. ஒருநாள் இதையும் பார்த்தேன். லத்தீனில் ‘கோஆகுலும்’ என்றால் பாலை உறைய வைக்கும் பொருள். கிட்டத்தட்ட நம் வீட்டு உறைமோர். நான் அன்று சொன்ன பாலேதான்!

அப்புறம் மூன்று தடவை ஊருக்குப் போனேன். மூன்று தடவையும் அவர் கையைப் பிடித்து, “எல்லாம் உங்களாலதான் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் பொய்யில்லை.

கடைசித் தடவை தோட்டம் முழுக்கச் செம்பனை. ஸ்டோர் இருந்த இடத்தில் ஒரு தொட்டி மட்டும், பாதி மழைத்தண்ணீரோடு. கூட வந்த மகள் தாத்தா இங்கே என்ன செய்தார் என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் குனிந்து தண்ணீரில் நடுவிரலை அழுத்திக் காட்டினேன்.