வாடகை வீட்டுச் சமையலறை: உடைக்காமல் செய்து பார்த்தது

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாங்கள் வாடகைக்கு இருப்பது எழுபதுகளில் கட்டிய மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. நல்ல காற்று வரும், கீழேயே சந்தை, காப்பிக்கடை எல்லாம் உண்டு. சமையலறைதான் பொறுக்க முடியாமல் இருந்தது. கேபினெட் கதவுகளில் பாதி தொங்கின, சிங்க் ஓரம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை, மேல் அலமாரியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டு வருட ஒப்பந்தம் போட்டாயிற்று, எங்களுடையது தினமும் தாளித்துக் கொட்டி இரண்டு வேளை சமைக்கிற வீடு, அப்படியே விட மனசு வரவில்லை.

எது நம் கையில் இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொண்டோம். சுவரை உடைப்பது, தரை ஓடுகளைப் பெயர்ப்பது எல்லாம் உரிமையாளர் வழியாக வீவக அனுமதி வாங்கி, வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்ய வேண்டியவை. உடைக்கிற சத்தமும் வார நாட்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் முடிய வேண்டும். எரிவாயுக் குழாயும் சுவருக்குள் ஓடும் மின்கம்பியும் உரிமம் உள்ளவர்களின் வேலை. இதையெல்லாம் தள்ளினால் மிஞ்சுவது பிசுக்கு, கதவு, கீல், சிங்க் ஓரம், தண்ணீர்க் குழாய், வெளிச்சம். சமைக்கிறவர்கள் நாள் முழுக்கத் தொடுவது இவற்றைத்தான், அதனால் வாடகைக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

உரிமையாளர் ஆன்ட்டிக்குப் படங்களோடு வாட்ஸ்அப்பில் விவரமாக எழுதினேன். சுவரில் ஓட்டை போட வேண்டாம், கழற்றுகிற எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று இரண்டே நிபந்தனை சொன்னார். நியாயமான பேச்சு. இரண்டு மாத வாடகை முன்பணமாக அவரிடம் இருக்கிறது, காலி செய்யும்போது வாய்ப்பேச்சு நிற்காது, அதனால் எழுத்தில் இருப்பது நமக்கும் நல்லது.

பிசுக்கில் ஆரம்பித்தோம். எண்ணெய் ஆவி படிந்து, சூடும் காற்றும் பட்டுப் பட்டு வார்னிஷ் போல இறுகிப்போய்விடும், பாத்திரம் கழுவும் சோப்பு அதற்குப் பத்தாது. சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, கதவின் மேல் சிறிது நேரம் ஒட்டி வைத்துவிட்டுப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தால் பழுப்பு நிறத்தில் சுருண்டு வரும். கையுறை கட்டாயம். அலுமினியக் கைப்பிடி, அலுமினியச் சட்டத்தில் சோடா படக்கூடாது, அரித்துவிடும். துணியில் தண்ணீர் சொட்டவும் கூடாது, ஏனென்றால் இந்தக் கேபினெட்டெல்லாம் சிப்போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஊதிப் பெருத்துவிடும், பிறகு அது பழைய அளவுக்குத் திரும்பாது. கடைசியில் வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்துப் பார்த்தால், இவ்வளவு நாள் மஞ்சள் என்று நாங்கள் நினைத்திருந்த கதவுகள் வெள்ளை! ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம் என்றிருந்த யோசனை அங்கேயே கைவிடப்பட்டது, அந்தச் செலவும் மிச்சம்.

அப்புறம் தொங்குகிற கதவுகள். இந்த வகைக் கீல் கதவுக்குள் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியில் உட்கார்ந்திருக்கும், மறு பாதி ஒரு தகட்டில் கேபினெட் பக்கச் சுவரோடு திருகப்பட்டிருக்கும். கீல் கெட்டுப்போவது அபூர்வம். சிப்போர்டில் திருகு போன ஓட்டைதான் பொடிந்து அகலமாகிவிடும், திருகு சும்மா சுற்றும். எதிர் புளோக்கின் கீழே இருக்கும் ஹார்டுவேர் கடை அங்கிள் காட்டிக்கொடுத்த வழி: சாத்தே இறைச்சித் துண்டுகளைக் குத்துகிற மூங்கில் குச்சியை மரப் பசையில் தோய்த்து ஓட்டைக்குள் இறுகும் வரை செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துச் சமமாக வெட்டி, இரவு முழுக்கக் காயவிட வேண்டும். மறுநாள் அதே திருகு அதே இடத்தில் கிர்ரென்று கடித்துக்கொண்டு இறங்குகிறது, அந்தப் பிடிப்பைக் கையில் உணர்வதே ஒரு சந்தோஷம். பலகையே உளுத்துப்போன ஓர் இடத்தில் மட்டும் எவர்சில்வர் தகடு வைத்துத் திருகினோம்.

கதவை மாட்டிய பிறகு நேராக்குவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். கீலின் முன்பக்கத் திருகு கதவை இடம் வலம் நகர்த்தும், பின்பக்கத் திருகு உள்ளே வெளியே நகர்த்தும், தகட்டுத் திருகுகளைத் தளர்த்தினால் மேலே கீழே நகர்த்தலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். கால் சுற்று, தள்ளி நின்று பார்ப்பது, மறுபடி கால் சுற்று. இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழே ஒரே அகலத்தில் வந்தபோது சமையலறையே நிமிர்ந்து நின்ற மாதிரி ஆகிவிட்டது.

சிங்க் ஓரத்தில் அவசரமே ஆகாது. பழைய சிலிக்கான் மேலேயே புதுசை இழுத்துவிடுகிறார்கள், அது ஒட்டாது, சீக்கிரம் உரிந்து வந்து கீழே கேபினெட்டுக்குள் தண்ணீர் இறங்கும். பழசைக் கத்தியால் இரண்டு பக்கமும் கீறி, உருவி எடுத்து, மிச்சத்தைச் சுரண்டி, பூஞ்சைக்கு பிளீச் போட்டுக் கழுவினோம் (பிளீச்சோடு வினிகரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்). பிறகு மின்விசிறியை வைத்து முழுசாகக் காயவிட்டோம். சிலிக்கான் காற்றில் உள்ள ஈரப்பதத்தை வாங்கித்தான் இறுகுகிறது, அதனால் நம் ஊர்ப் புழுக்கம் அதற்குத் தடை இல்லை, ஒட்டுகிற இடம் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காத வகையாகப் பார்த்து வாங்கி, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரு முறை தடவி, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்தால் கோடு கத்தி வைத்து வெட்டியது போல நிற்கிறது. 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, அன்றைக்கு இரண்டு வேளையும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பாடு.

தண்ணீர்க் குழாய் ஜாலான் புசார் பக்கத்துக் கடையில் வாங்கியது, தண்ணீர்ச் சிக்கன டிக் முத்திரை உள்ளது. மீட்டர் பக்கத்து வால்வை மூடிவிட்டு, வெள்ளை டெஃப்லான் டேப்பை மரை ஓடும் திசையிலேயே சுற்றி மாட்ட வேண்டும், எதிர்த் திசையில் சுற்றினால் திருகும்போதே பிரிந்துவிடும். பழைய குழாயைக் கழற்றும்போது சுவருக்குள் இருக்கும் இணைப்பும் கூடவே திரும்பினால் அதோடு நிறுத்தி பிளம்பரைக் கூப்பிடுங்கள். எங்களுக்குச் சிரமமில்லாமல் வந்தது. பழசு பெயர் எழுதிய பையில் அலமாரி மேல் இருக்கிறது.

அடுப்புக்குப் பின்னால் டைல் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். தீக்குப் பக்கத்தில் பிவிசி ஒட்ட எனக்குச் சம்மதமில்லை, அதோடு சூட்டில் பசை இறுகிப்போனால் உரிக்கும்போது நமக்குத்தான் பாடு. எவர்சில்வர் தகடு ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறோம், எடுத்துக் கழுவலாம். அடுப்பை மட்டும் தொடவில்லை. இந்தியாவிலிருந்து அடுப்பு கொண்டுவர நினைப்பவர்கள் கவனியுங்கள், இங்கே குழாய் வழி வருகிற எரிவாயு வேறு, சிலிண்டர் எரிவாயு வேறு, பர்னர் துளை அளவும் வேறு, மாற்றி மாட்டுவது ஆபத்து. மிக்சிக்கு அந்தக் கவலை இல்லை, இரண்டு ஊரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாற வேண்டும்.

வெளிச்சத்துக்கு மேல் கேபினெட்டின் அடியில் சார்ஜ் செய்கிற எல்இடி பட்டை, காந்தத்தில் நிற்கிறது. சமையலறைக்குள்ளேயே இருக்கும், குப்பையைக் கீழே போடுகிற வழியின் இரும்புக் கதவைத் தேய்த்துக் கழுவி, ஓரத்தில் நுரைப் பட்டை ஒட்டியதும் கரப்பான் வரத்து நன்றாகவே குறைந்தது.

எல்லாம் சேர்த்து 200 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது, பாதிக்கு மேல் தண்ணீர்க் குழாய்க்கே போனது. மிச்சம் இருப்பது சிங்குக்குக் கீழே ஊதிப்போன அடிப்பலகை. அதை எடுத்துவிட்டு பிளைவுட் போடலாமா என்று ஆன்ட்டியிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றால் அடுத்த வாரம் அளவெடுக்க வேண்டும்.